வீட்டில் பிள்ளைகளோடு இயற்கைக் குறிப்பேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் இருக்கிறோம். தோட்டம் கிடையாது. பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் பால்கனிக்குள் ஒரு கிளையை நீட்டியிருக்கிறது. எதிரே இன்னும் கட்டடம் எழும்பாத ஒரு காலி மனை. கம்பிக்குள் இரண்டு தொட்டிகளில் கறிவேப்பிலையும் நாரத்தையும். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்தரை. மூன்று ஆண்டுகளாக, விட்டு விட்டு, இயற்கைக் குறிப்பேடு எழுதுகிறோம். பள்ளி வாசலிலும் கல்யாண வீடுகளிலும் மற்ற பெற்றோர் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இயற்கைக் குறிப்பேடு என்றால் ஓவிய நோட்டா, நாட்குறிப்பா?

இரண்டிலும் கொஞ்சம் உண்டு. பார்த்ததை, பார்த்த இடத்திலேயே, பார்த்த நேரத்தோடு பதிந்துவைக்கும் நோட்டு. படம் இருக்கலாம், நான்கு வரி எழுத்து இருக்கலாம், "மதில்மேல் அணில் 3, ஒன்றுக்கு வால் பாதிதான்" என்று வெறும் எண்ணிக்கையாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இடமும் நாளும் நேரமும் வானிலையும் இருந்தே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் உள்ள ஒரே கட்டாய விதி இதுதான். சங்கப் பாடல்களுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார்கள். மரமும் பறவையும் விலங்கும் அதற்குப் பிறகு வரும் கருப்பொருள். குறிப்பேட்டுக்கும் அந்த வரிசை அப்படியே பொருந்துகிறது. தேதி இல்லாத வேப்பம்பூப் படம் அழகான படம், அவ்வளவே. தேதி இருந்தால், அடுத்த பங்குனியில் "போன வருடம் இதற்குப் பத்து நாள் முன்பே பூத்துவிட்டதே!" என்று ஒரு பெண் கத்துவதற்கு அது ஆதாரம்.

நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம். பார்ப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். காட்டுக்குப் போனால்தான் இயற்கை என்ற எண்ணம் நம்மிடம் எப்படியோ ஊறிவிட்டது. வேடந்தாங்கலுக்கு ஒருநாள் கூட்டிப்போய், நூறு பறவைகளைத் தூரத்தில் காட்டி, சிப்ஸ் வாங்கிக் கொடுத்து அழைத்து வருவதைவிட, குழல்விளக்கின் அருகே பதுங்கும் பல்லியை ஒரு வாரம் தொடர்ந்து பார்ப்பது மேல் என்பது என் கட்சி.

அடுப்படி மேடையில் எறும்புச் சாரை போகிறதா? சாரையின் குறுக்கே விரலால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் வந்த எறும்பு கோட்டின் அருகே திகைத்து நிற்கும், திரும்பும், மீசையை ஆட்டும். எறும்புகள் வாசனையைத் தடமாக விட்டுப் போகின்றன. நாம் அதை அழித்துவிட்டோம். எத்தனை நிமிடத்தில் சாரை மறுபடி சேர்ந்தது என்று எழுதினால் ஒரு பக்கம் ஆயிற்று. மார்கழியில் வாசலில் அரிசி மாவால் கோலம் போடுகிறவர்கள், எட்டு மணிக்கு மேல் அந்தக் கோலத்தைத் தின்ன யார் யார் வருகிறார்கள் என்று கணக்கெடுக்கலாம். எங்கள் பட்டியலில் பிள்ளையார் எறும்பு, சிவப்புச் சித்தெறும்பு, ஒரு புறா, இரண்டு அணில்.

அணில் என்றதும் நினைவு வருகிறது: முதுகில் எத்தனை வெள்ளைக் கோடு என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ராமர் தடவிக்கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். நம் ஊர் அணிலுக்கு மூன்று கோடு என்பதைப் பார்த்துச் சொல்கிறவர்கள் குறைவு.

தெருவில் தூங்குமூஞ்சி மரமோ புளியமரமோ இருந்தால் மாலையில் அதன் இலைகள் மடிவதை நேரத்தோடு குறிக்கலாம். ஜன்னல் மூலையில் குளவி மண்கூடு கட்டும். மாடியிலிருந்து நிலா தெரியும். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். அமாவாசைக்கு மூன்றாம் நாள் தொடங்கி, பௌர்ணமி வரை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்று வரைந்தால், அது வானத்தில் எப்படி இடம் மாறுகிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

என்னென்ன வாங்கவேண்டும்?

கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. கெட்டி அட்டை இருந்தால் மடியில் வைத்து எழுத வசதி. நீர்வண்ணம் தீட்ட விரும்பினால் மட்டும் தடித்த தாள் தேவை. வண்ணப் பென்சிலுக்குச் சாதாரணத் தாளே போதும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய கைலென்ஸ் ஒன்று பிற்பாடு வாங்கலாம். வாங்கிய அன்று பிள்ளைகள் அதில் உங்கள் மூக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

விலை உயர்ந்த, தோல் அட்டை போட்ட நோட்டு வேண்டவே வேண்டாம். அப்படி ஒன்றை நான் வாங்கிக் கொடுத்து, "கெட்டுப்போய்விடும்" என்று மகள் நான்கு மாதம் அதில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

எந்த வயதில் தொடங்கலாம்?

மூன்று வயதுப் பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம். அது சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். "எறும்பு ஆபீஸ் போகிறது" என்று என் மகன் சொன்னது அப்படியே நோட்டில் இருக்கிறது. ஆறு, ஏழு வயதில் தானாக எழுதும். பத்து வயதுக்கு மேல் தொடங்குகிறவர்களுக்குப் படத்தைவிட அளவும் எண்ணிக்கையும் பிடிக்கிறது.

முதல் நாள் என்ன செய்வது?

காக்கை. நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் நினைக்கும் ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில், ஜன்னலைப் பார்க்காமல், நினைவிலிருந்து எல்லோரும் ஒரு காக்கையை வரையுங்கள். நீங்களும்தான். ஐந்து நிமிடம் போதும். பிறகு ஒரு பிடி சோற்றை மதிலில் வைத்துவிட்டு, வரும் காக்கையைப் பார்த்துப் பக்கத்திலேயே இரண்டாவது படம். முதல் படத்தில் எல்லோருடைய காக்கையும் தலைமுதல் வால்வரை கன்னங்கரேல் என்று இருக்கும். இரண்டாவதில் கழுத்தும் மார்பும் சாம்பலாக மாறியிருக்கும். வீட்டுக் காக்கைக்குக் கழுத்து சாம்பல் நிறம். முழுக் கறுப்பாக, பருத்த அலகோடு வருவது அண்டங்காக்கை. முப்பத்தைந்து வருடம் தினமும் சோறு வைத்த என் மாமியார் அன்றுதான் "ஆமாம், இரண்டு சாதி வருகிறது" என்றார்.

அதோடு நிறுத்திவிடுங்கள். சொற்பொழிவு வேண்டாம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் பிள்ளைக்கு விஷயம் தானாகப் புரியும்.

என் மகளுக்கு வரைய வராது. படம் சரியாக இல்லை என்று கிழித்துவிடுகிறாள்.

யாரோ அவளிடம் "இது என்ன, கோழியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அநேகமாக நாமாகத்தான் இருக்கும்.

படத்தைப் பாராட்டுவதையும் நிறுத்திப் பாருங்கள். "அழகாக இருக்கிறது" என்று சொன்னால் அடுத்த முறை அழகாக வரையத்தான் முயல்வாள், பார்ப்பதை விட்டுவிடுவாள். அதற்குப் பதிலாகக் கேள்வி கேளுங்கள்: "கால் மஞ்சளாகவா இருந்தது?", "வாலை இப்படித்தான் தூக்கியதா?" படம் வராத நாளில் இலையைத் தாளுக்கு அடியில், நரம்புள்ள பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கலாம். அரச இலை இதற்கு மிகப் பொருத்தம், அதன் நீண்ட வால் நுனி அப்படியே பதியும். அதுவும் வேண்டாம் என்றால் அளவு எடுக்கட்டும்: முருங்கைக்காய் திங்கட்கிழமை 11 செ.மீ., வியாழக்கிழமை எவ்வளவு? அழிரப்பரை மட்டும் ஒளித்துவையுங்கள். தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடலாம்.

எனக்கே செடிகளின் பெயரும் பறவைகளின் பெயரும் தெரியாது. பிள்ளை கேட்டால் என்ன சொல்வேன்?

தெரியாமல் இருப்பது உங்களுக்கு வசதி. தெரிந்தவர்களுக்குத்தான் வாயை அடக்குவது கஷ்டம்.

தொடக்கத்தில் நான் செய்த தவறு இது. மகள் எதைக் காட்டினாலும் பெயரைச் சொல்லிவிடுவேன். "அம்மா, அங்கே பார்!" "அது மைனா." அவ்வளவுதான், அவள் திரும்பிவிடுவாள். பெயர் கிடைத்ததும் பார்த்தது முடிந்துவிட்டது என்று மனம் கணக்கை மூடிவிடுகிறது. மைனாவின் கண்ணைச் சுற்றிய மஞ்சளையும், பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்று தெரியும் வெள்ளையையும் அவள் பார்த்தது, நான் பேசாமல் இருக்கப் பழகிய பிறகுதான்.

இப்போது எங்கள் வீட்டில் முறை வேறு. புதிதாக எதைப் பார்த்தாலும் முதலில் பிள்ளைகள் வைத்த பெயர். பார்த்ததிலிருந்துதான் அந்தப் பெயர் வரவேண்டும். வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் குருவி, "தலையாட்டாத வாலாட்டி". கூட்டமாக வந்து கத்தும் தவிட்டு நிறப் பறவைகள், "சண்டைக்கார அத்தைகள்". (என் நாத்தனார்களிடம் இதைச் சொல்லவேண்டாம்.) இரண்டு வாரம் கழித்துத்தான் ஊரார் வைத்த பெயரைத் தேடுவோம்.

ஒரு முறை, காலி மனையில் பிடுங்கிப் போட்ட ஒரு களைச்செடியின் வேர்மேல் தெருப்பூனை ஒன்று முகத்தைத் தேய்த்துப் புரண்டுகொண்டிருந்தது. மறுநாளும் அதே செடியைத் தேடி வந்தது. பிள்ளைகள் அதற்குப் "பூனைச்செடி" என்று பெயர் வைத்து, இலையின் ரம்ப விளிம்பையும், காம்போடு ஒட்டிக் கிண்ணம்போல் நிற்கும் பச்சைப் பூவையும் வரைந்தார்கள். பல நாள் கழித்து மாமியாரிடம் காட்டியபோது, "குப்பைமேனிதானே இது, பூனைவணங்கி என்றும் சொல்வார்கள்" என்றார். தாங்கள் வைத்த பெயரையே எப்போதோ யாரோ வைத்திருக்கிறார்கள் என்று இருவரும் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். செடியைப் பார்த்த அன்றே நான் பெயரைச் சொல்லியிருந்தால் இந்த ஓட்டம் கிடைத்திருக்காது.

கைபேசியில் படம் எடுத்தால் செயலியே பெயரைச் சொல்லிவிடுகிறதே?

சொல்கிறது, பல நேரம் சரியாகவும் சொல்கிறது. பறவையின் குரலைக் கேட்டு இனம் காட்டும் மெர்லின் எனக்கே பிடிக்கும். ஆனால் பக்கம் முடிந்த பிறகுதான் கைபேசி வெளியே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலி தரும் விடையை "இருக்கலாம்" என்று எழுதி, பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். குயில் என்று செயலி சொல்கிறது. நாம் பார்த்ததோ பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள். அப்படியானால் பெண்குயிலாக இருக்கலாம், ஆண்தான் கறுப்பு. இந்த விவாதம் நடக்கட்டும்.

தமிழில் எழுதச் சொல்வதா, ஆங்கிலத்திலா?

பிள்ளைக்கு எது வருகிறதோ அது. ஆனால் நீங்கள் பேசுவது தமிழாக இருக்கட்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் நம் மொழியிடம் சொல் கொட்டிக் கிடக்கிறது. மலராத பூவிலேயே அரும்பு, மொட்டு, முகை என்று வேறுபாடு பார்த்த மொழி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்கள் 99. துளிர், தளிர், கொழுந்து, பழுப்பு, சருகு என்று ஓர் இலையின் வாழ்க்கையை ஐந்து சொல்லில் சொல்லிவிடலாம். தெருவோர நாட்டுவாதுமை மரத்தின் அடியில் நின்றால், சிவந்து உதிரும் இலைவரை எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்கும்.

எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். "பள்ளி பூச்சியைத் தின்றது" என்று ஒரு பக்கம் எங்களிடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் பூச்சி தின்றதாகப் படித்து இன்றும் சிரிக்கிறோம். திருத்தியிருந்தால் போயிருக்கும்.

தினமும் எழுதவேண்டுமா?

வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை, பதினைந்து நிமிடம், ஒரே இடம். அந்த ஒரே இடம் என்பதைத்தான் விடக்கூடாது. மாடிப்படியின் நான்காவது படியோ, பால்கனி மூலையோ. இடம் மாறாமல் இருந்தால்தான் மற்றவை மாறுவது தெரியும்.

தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒரு முறை பார்ப்பது இன்னொரு நல்ல வழி. இந்தியா முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் கலந்துகொள்ளும் சீசன்வாட்ச் திட்டத்தில் இதைத்தான் செய்கிறார்கள். தளிர், முதிர்ந்த இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றுக்கும் "இல்லை, கொஞ்சம், நிறைய" என்று குறித்தால் போதும். இலை எண்ணத் தேவையில்லை. வேம்பு தொடக்கத்துக்கு ஏற்றது. மாசி, பங்குனியில் இலை உதிர்த்துச் செம்புநிறத் தளிர் விடும். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூ வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்களே நினைவூட்டுவார்கள். ஆனி, ஆடியில் பழம் உதிர்ந்து தெருவெல்லாம் வாசம் வரும்.

மழைக்காலத்தில் வெளியே போக முடியாதே?

மழைக்காலம்தான் எங்கள் நோட்டில் அதிகப் பக்கங்களைத் தின்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு நடப்பது வடகிழக்குப் பருவமழை. பள்ளிக்கு விடுமுறை வேறு விட்டுவிடுவார்கள்.

மழைமானி ஒன்று செய்யுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, வளைவு நெளிவு இல்லாத பிளாஸ்டிக் புட்டியை எடுத்து, கழுத்துப் பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல் மேலே செருகுங்கள். அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யக் கோடு போடுங்கள். அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் கணக்கில் அளவுகோலை ஒட்டுங்கள். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், சாயாதபடி வையுங்கள். வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணிக்கு முந்தைய 24 மணி நேர மழையை அளக்கிறது. நீங்களும் அதே நேரத்தில் அளந்தால், மறுநாள் செய்தித்தாளில் வரும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் கணக்கோடு ஒப்பிடலாம். நம் தெருவின் எண் அவற்றிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பது பெரியவர்களையே ஆச்சரியப்படுத்தும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மொட்டைமாடியில் 40 மி.மீ. பெய்தால் ஏறக்குறைய 2,200 லிட்டர். அதாவது, நாம் காசு கொடுத்து வாங்கும் 20 லிட்டர் கேனில் 110 கேன். இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து என் மகள் மாடிக் குழாய் எங்கே போகிறது என்று வீட்டுக்காரரை விடாமல் கேட்கிறாள்.

முதல் மழைக்குப் பிறகு மாலையில் விளக்கைத் தேடி ஈசல் வரும். மறுநாள் காலை உதிர்ந்த இறக்கைகளைத் தாளில் ஒட்டலாம். வெயில் எட்டிப்பார்த்ததும் காலி மனைக்குமேல் தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும். அவற்றில் மஞ்சளும் செம்மையும் கலந்த ஒரு வகை, இந்தியாவிலிருந்து மாலத்தீவுகள் வழியாகக் கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது. தட்டானின் வாலில் நூல் கட்டி விளையாடிய நம் தலைமுறை இதைக் கேட்டால் கொஞ்சம் வெட்கப்படவேண்டும்.

கோடை விடுமுறையில்?

காலை ஆறரைக்கு, இல்லாவிட்டால் மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகலில் ஒரே ஒரு வேலைக்கு மாடிக்குப் போகலாம்: நிழலில்லா நாள். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், பகல் 12 மணிக்குச் சில நிமிடம் கழித்துச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிமிர்த்தி வைத்த டம்ளரின் நிழல் டம்ளருக்குள் ஒளிந்துகொள்ளும். கன்னியாகுமரியில் இது ஏப்ரல் 10-ஐ ஒட்டியே வந்துவிடும். தூத்துக்குடியிலோ மதுரையிலோ சித்தி பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அளக்கச் சொல்லி, எந்த ஊருக்கு முதலில் வந்தது என்று ஒப்பிடலாம்.

குயில் கூவுவதும் காக்கை கூடு கட்டுவதும் இந்தப் பருவத்தில்தான். காக்கை கம்பியும் துடைப்பக் குச்சியும் தூக்கிக்கொண்டு போகும். கூட்டைச் சுற்றி ஆண்குயில் ஏன் வம்புக்கு வருகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

புழு, பூச்சிகளைப் பிடித்து வளர்க்கலாமா?

கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சையோ இருந்தால் பிடிக்கவே தேவையில்லை, தானே வரும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டையிடுகிறது. சிறிய புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம்போல் இருக்கும். பறவை கண்டுகொள்ளாமல் தப்பிக்கத்தான் அந்த வேடம். வளர்ந்ததும் பச்சையாக மாறி இலையோடு கலந்துவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். (ஒரு முறை போதும். மகன் ஏழு முறை தொட்டான்.) கூட்டுப்புழுவான பிறகு பத்து நாள் முன்பின் ஆகும். செடியிலேயே விட்டுப் பார்ப்பது சிறந்தது. பறவைகளுக்குப் பயந்தால் கொசுவலைத் துணியைக் கிளைமேல் தளர்வாகக் கட்டிவிடலாம்.

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டாவது ஆண்டு மகள் நாள் எண்ணிக் காத்திருந்த கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரவில்லை. ஒரு சிறு துளை விழுந்து, எறும்பளவு குளவிகள் வரிசையாக வெளியே வந்தன. உள்ளே முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள். அவள் அழுதாள், அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் அவளாகவே நோட்டை எடுத்து "குளவி 31" என்று எழுதினாள். பிள்ளைகளிடம் மறைக்கவேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதேபோல் வெயிலில் மூடிய புட்டிக்குள் எதையும் வைக்கக்கூடாது. பிடித்தால் அரைமணி நேரம், வரைந்ததும் எடுத்த இடத்திலேயே விடவேண்டும்.

இலை, இறகு, கூடு எல்லாம் சேர்த்து ஒட்டலாமா?

உதிர்ந்த இலை, பூ, விதை தாராளமாக. செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, இரண்டு நாளுக்கு ஒரு முறை தாளை மாற்றினால் வாரத்தில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், அப்போது வேண்டாம். கூட்டையும் முட்டையையும் தொடக்கூடாது. வீட்டு வாசலில் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டால் துணி உலர்த்தும் கொடியை இடம் மாற்றிக்கொள்வதுதான் முறை. கிளிக்குஞ்சைக் கொண்டுவந்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவையுங்கள். ஊரில் இன்னும் இது பலருக்குத் தெரியாது.

பாம்பு, விஷச்செடி என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். புதருக்குள் போனால் காலணி, கையில் நீளமான குச்சி. கல்லையும் கட்டையையும் கையால் புரட்டக்கூடாது, பொந்துக்குள் விரல் விடக்கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

நடைமுறையில் நமக்கு அதிகம் நேர்வது வேறு. முருங்கையில் அடை அடையாக இருக்கும் கம்பளிப்பூச்சியின் முள்மயிர் பட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. அரளி, ஊமத்தை, குன்றிமணி, செங்காந்தள் ஆகியவற்றை வாயில் வைக்கக்கூடாது என்று சின்னப் பிள்ளைகளுக்குப் படம் காட்டியே சொல்லிவிடுங்கள். செங்காந்தள் நம் மாநில மலர், அதன் கிழங்கு கொடிய நஞ்சு.

இதனால் பள்ளியில் மதிப்பெண் கூடுமா?

தெரியாது. கூடினால் எனக்கும் சொல்லுங்கள்.

ஒரு மாதம் ஆர்வமாக எழுதினான், இப்போது நோட்டைத் தொடுவதே இல்லை.

விடுங்கள். வற்புறுத்தினால் வீட்டுப்பாடம் ஆகிவிடும். நோட்டைக் கண்ணில் படும்படி ஜன்னலருகே வைத்துவிட்டு நீங்கள் உங்கள் நோட்டில் எழுதுங்கள். என் மகள் ஏழு மாதம் எழுதாமல் இருந்தாள். ஒரு நாள் மண்குளவி பச்சைப்புழுவைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு, "தேதி என்ன?" என்று கேட்டாள்.

கூட்டமாகச் செய்வது பிடித்த பிள்ளைகளுக்குப் பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு நல்ல தூண்டுதல். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதியலாம். காக்கை பதினொன்று, புறா ஏழு என்று எழுதினாலும் அது கணக்குத்தான்.

நோட்டு தீர்ந்துவிட்டால் பழையதை என்ன செய்வது?

பழைய புத்தகக்காரரிடம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். புது நோட்டின் முதல் பக்கத்தில், பழைய நோட்டில் விடை கிடைக்காமல் நின்ற கேள்விகளை எடுத்து எழுதுவது எங்கள் வழக்கம். இந்த ஆண்டுப் பக்கத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. மழை பெய்யும்போது அணில் எங்கே போகிறது? முதல் மாடியில் சர்க்கரை இருப்பது கீழே இருக்கும் எறும்புக்கு எப்படித் தெரிந்தது? பாதி வால் அணிலுக்கு மீதி வால் எங்கே? நான்காவது மகனுடையது: காலி மனையில் வீடு கட்டிவிட்டால் பூனைச்செடி எங்கே போகும்?

போன வாரம் மனையை அளக்க ஆட்கள் வந்திருந்தார்கள். அன்றைய பக்கத்தில், இடமும் நாளும் நேரமும் எழுதி, "கல் நட்டார்கள், 4" என்று இருக்கிறது.